காதுக்குக் கிட்ட ஒரு வாய்

கமலேந்திரன் அண்ணை பாரிசிலிருந்து வந்து இறங்கியபோது நல்ல மத்தியான வெயில். மண்டைதீவுச் சந்தி கடந்து, இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறு நாறிக் கிடக்கிற பாதையால் வந்த வான், புளியங்கூடலில் எங்கள் படலையடியில் நின்றது. கதவு திறந்ததும் முதலில் ஒரு கறுத்தப் பெட்டி வெளியே வந்தது, பிறகு இன்னொரு கறுத்தப் பெட்டி, அதன் பிறகு ஒரு கை. மணிக்கட்டு எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது.

அவர் என் கணவர் பிரசாந்தனின் தமையன். நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். போன தடவை வந்தபோது சேர்ட் பொத்தான் பூட்ட முடியாத வயிறோடு வந்த மனிதர். இப்போது கன்னம் இரண்டும் உள்ளே இழுபட்டு, பல்வரிசை உதட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

அவருடைய மனைவி நிசாந்தினி முதல் நாளே எனக்குப் போன் எடுத்திருந்தாள்.

“அஜந்தாக்கா, அவருக்குச் சாப்பாடு இறங்குதில்லை. வாயிலை வைச்சவுடனை துப்புறார். இஞ்சை டொக்டர்மார் இனி மூக்காலை குழாய் விடவேணும் எண்டு சொல்லீனம். இப்பிடியே விட்டால் ஆள் தப்பாது. தாய் இருந்த வீட்டிலை எண்டாலும் ரெண்டு வாய் திண்பார் எண்டுதான் அனுப்பிறன்.”

“நீர் யோசியாதையும். நான் பாக்கிறன்,” என்றேன்.

பார்ப்பது என் தொழில். நான் மருத்துவமாது. தீவுப்பகுதி முழுக்க ஸ்கூட்டியில் திரிந்து பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிறவள். இரத்தம், சீழ், வாந்தி எல்லாவற்றையும் கையால் துடைத்துப்போட்டு, சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, அடுத்த நிமிஷம் மீன்குழம்போடு சோறு தின்பேன். எனக்கு அருவருப்பு இலேசில் வராது. கூச்சம் பிடித்த பெண்பிள்ளை ஒருத்தி எதையோ கண்டு வெருண்டு கதை சொல்கிறாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்லி வைக்கிறேன்.

வீடு பெரியது. இவர்களுடைய அப்பா குருநாகலில் கடை வைத்து உழைத்துக் கட்டியது. பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. இவர்களுடைய தாய், என் மாமி அன்னப்பிள்ளை, கடைசி மூன்று வருடமும் படுக்கையில் கிடந்தது நடு ஹோலுக்குப் பக்கத்து அறையில். அந்த அறையைத்தான் அண்ணைக்குத் துப்புரவாக்கி வைத்தேன். எத்தனை முறை டெற்றோல் போட்டுக் கழுவினாலும் வெயில் ஏறினால் அந்தச் சுவரிலிருந்து வெற்றிலைச் சாறும் பழைய மூத்திரமும் கலந்த ஒரு வாசனை கிளம்பும்.

அண்ணை வந்து இருந்ததும் பெட்டியைத் திறந்தார். உடுப்பு என்று நினைத்தேன். உள்ளே பஞ்சு மெத்தை வைத்து, மெத்தையில் குழி வெட்டி, குழிக்குள் பாதிச் செங்கல் அளவில் ஒரு வெள்ளி நிறச் சாமான் இருந்தது. பக்கத்தில் மூன்று நான்கு சோடி காதுக்குள் வைக்கிற கருவிகள்.

“இது பாட்டுக் கேக்கிறதோ அண்ணை? போனிலை கேக்கலாம்தானே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கோயில் வாசலில் செருப்போடு ஏறியவளைப் பார்க்கிற ஐயரின் பார்வை இருந்தது.

“போனிலை கேக்கிறது எம்.பி.3, அஜந்தா. மனிசன்ரை காது கவனிக்காது எண்டு நினைக்கிற சத்தத்தையெல்லாம் அது வெட்டி எறிஞ்சுபோடும். மிச்சம்தான் எங்களுக்கு வாறது. இது ஒண்டையும் வெட்டாது. நடந்தது நடந்தபடி வரும். பாடுறவர் மூச்சு இழுக்கிறது கேக்கும். மிருதங்கக்காரர்ரை மோதிரம் கட்டையிலை தட்டுப்படுறது கேக்கும்.”

“மூச்சும் மோதிரமும் கேட்டு என்ன செய்யிறது?” என்றேன்.

அன்றைக்கே எனக்கு அந்த மனிதரில் அரியண்டம் தொடங்கிவிட்டது. காதுக் கருவியின் நுனியில் மாட்டுகிற ரப்பர் மூடிகளைக் கழற்றி, சாப்பாட்டு மேசையில், நான் தேத்தண்ணி வைக்கிற சோசரில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் வாயிலும் மஞ்சள் நிறத்தில் காதுக்குறும்பி ஒட்டியிருந்தது. சின்னத் தூரிகை ஒன்றால் அதைத் தோண்டித் தோண்டித் துடைத்தார். ஒரு துண்டு தெறித்து சீனிப் போத்தல் மூடியில் விழுந்தது. நான் சீனியை அப்படியே கொண்டுபோய்ப் பின்வளவில் கொட்டினேன்.

சாப்பாடு வைத்தேன். கஞ்சி, இடியப்பம் சொதியில் ஊறப்போட்டது, பப்பாப்பழம். ஒன்றும் இறங்கவில்லை. வாயில் வைப்பார், ஒரு தரம் மெல்லுவார், முகம் கோணும், கையில் துப்புவார். அந்தத் துப்பலை நான் வாங்கி எறிவேன். சோடாவும் பால் தண்ணியும் மட்டும் விழுங்குவார், அதுவும் மெல்லத் தேவையில்லாதபடியால்.

மாமி செத்து ஒரு வருடம் முடிகிற ஆட்டைத்திவசம் வரப்போகிற கிழமை அது. அதற்கு வந்திருக்கிறார் என்றுதான் ஊர் நினைத்தது. ஒரு பகல் என் கணவர் பிரதேச சபைக்கு வேலைக்குப் போன பிறகு அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

“அஜந்தா, அம்மான்ரை செத்தவீட்டிலை, தலைமாட்டிலை ஆர் இருந்தது?”

“நான், பெரியமாமி, அயல்சனம். ஏன்?”

“ஆரோ வெத்திலை சப்பினவை. ரெக்கோர்டிங் முழுக்கப் பழுதாக்கிப் போட்டினம்.”

அந்தச் செத்தவீட்டை நான் சொல்லவேண்டும். அப்போது அண்ணையின் விசாவில் ஏதோ சிக்கல். இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆகவே எல்லாம் போனில் நடந்தது. முந்திய வருடம் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் பதிவதற்கென்று அவர் அனுப்பிய உள்ளங்கையளவு ரெக்கோர்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. தாய் செத்த செய்தி கேட்டு அழுது முடிந்ததும் அவர் சொன்ன முதல் வசனம், “பிரசாந்தன், அந்த ரெக்கோர்டரை அம்மான்ரை தலைமாட்டிலை வை, காத்துச் சத்தம் வராமல் பஞ்சுத்தொப்பி போட்டு வை” என்பது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் செத்தவீட்டில் சண்டை பிடிக்கவும் முடியாது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டில் வாய்க்கரிசி போடுவோம். ஆண்கள் சுடலையில் போடுவார்கள். சுடலை கடற்கரையில் இருக்கிறது, அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. அதனால் அண்ணைக்கு மட்டும் வீட்டிலேயே நடத்துவது என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். என் கணவர் போனை மாமியின் முகத்துக்கு மேலே பிடித்தார். பாரிசில் அண்ணை தன் போனை மேசையில் மல்லாக்க வைத்து, தன் வீட்டு அரிசியை அள்ளி, தாயின் முகம் தெரிகிற கண்ணாடிமேல் போட்டார். எங்கள் பக்கத்தில் திரை முழுக்கப் பெரிய பெரிய அரிசிமணிகள் வந்து விழுந்து அவருடைய முகத்தை மறைத்தன. “பிள்ளை போட்டாச்சு, தூக்குங்கோ,” என்றார் ஒருவர். ஊர்ச்சனம் வாய் பிளந்து பார்த்தது. என்ன முன்னேற்றம் என்று மெச்சியவர்களும் உண்டு.

“நீர் கேட்டுப் பாரும்,” என்று அண்ணை காதுக் கருவியை நீட்டினார்.

நான் அதை வாங்கி, ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் காதுக்குள் வைத்தேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு வருடத்துக்கு முந்திய அந்தப் பகல் அப்படியே என் தலைக்குள் வந்து இருந்தது. பறையைச் சூடு காட்டுகிற வைக்கோல் பொரிகிறது. பிளாஸ்டிக் கதிரை சீமெந்தில் இழுபடுகிறது. பதிகம் பாடுகிறவர் அடிக்கொரு தரம் எச்சில் விழுங்குகிறார். நான் மூக்குச் சீறுகிற சத்தம்கூடக் கேட்டது. என்ன வெட்கக்கேடு. பிறகு போனிலிருந்து அண்ணையின் குரல், தகரத்துக்குள்ளிருந்து வருவது போல, “அம்மா” என்றது.

அதன் பிறகு அது தொடங்கியது.

முதலில் உதடு பிரிகிற ஒரு சின்ன ஈரச் சத்தம். பிறகு நாக்கு. பல் விழுந்த முரசை நாக்கு தடவித் தடவி எதையோ தேடியது. மேல்வாயில் ஒட்டி, இழுபட்டு, விட்டது. முரசும் முரசும் மோதி நசுக்கின. எச்சில் நூலாக இழுபடுவதுகூடக் கேட்டது. சப்பு, சப்பு, சப்பு. நிறுத்தி, ஒரு உறிஞ்சல். மறுபடி சப்பு.

பக்கத்தில் இருந்து வெற்றிலை போடுகிறவர்களின் சத்தம் அல்ல. வெற்றிலைக்கு ஒரு நொறுக்கல் உண்டு. இது வெறும் வாய். உள்ளே ஒன்றும் இல்லாமல் மெல்லுகிற வாய்.

எனக்கு அந்த வாயைத் தெரியும்.

மூன்று வருடம் அந்த வாய்க்குள் விரல் விட்டு, கன்னத்துக்குள் ஒதுக்கிய சோற்றைத் தோண்டி எடுத்துத் துடைத்தவள் நான். கீழே இடப்பக்கத்தில் மிஞ்சிய ஒரு வேர்ப்பல்லில் நாக்கு தட்டுப்படும்போது ‘ட்ஸ்க்’ என்று ஒரு சத்தம் வரும். மாமி உயிரோடு இருந்தபோது, அந்தச் சத்தம் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அருவருப்பு அருவருப்புத்தான்.

‘ட்ஸ்க்’ என்றது, என் காதுக்குள்.

கருவியைப் பிடுங்கி எறிந்தேன்.

“நிலத்திலை எறியாதையும்! விலை தெரியுமோ?” என்று அண்ணை பதறி எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “ஆர் அது?”

“உங்களுக்குத் தெரியாதோ?”

அவர் தலையைக் குனிந்தார். தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறார்.

பிறகு எல்லாம் சொன்னார். என் கணவரின் போனில் இருந்த எம்.பி.3 பிரதியில் அந்தச் சத்தம் இல்லை. அது வெட்டி எறிந்த சத்தங்களோடு போய்விட்டது. ரெக்கோர்டரிலிருந்து வெட்டாமல் அனுப்பிய முழுப்பதிவை இந்த வெள்ளிச் சாமானில் போட்டபோது மட்டும்தான் கேட்டது. முதலில் மெல்லியதாக, தூரத்தில். பதிவில் ஏதோ பிழை என்று நினைத்து, பிழை எங்கே என்று பிடிக்க இன்னும் நல்ல கருவி வாங்கினார். வாய் கொஞ்சம் கிட்ட வந்தது. அதிலும் நல்லது வாங்கினார். இன்னும் கிட்ட வந்தது. வேலியில் போன ஓணானைப் பிடித்துக் காதுக்குள் விட்டுவிட்டுக் குத்துது குடையுது என்று அழுகிற கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். காசு கொடுத்து ஓணான் வாங்கினவரை அன்றைக்குத்தான் கண்டேன்.

“இப்ப அதைப் போடவும் தேவையில்லை, அஜந்தா. நான் வாய் அசைச்சால் அதுவும் அசையுது. நான் ஒரு பிடி மெண்டால், அது என்னோடை சேந்து மெல்லுது. என்ரை வாய்க்குள்ளை இருக்கிறது என்ரை நாக்கோ எண்டே தெரியேல்லை. என்னண்டு விழுங்கிறது?”

அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். “அண்ணைக்கு மனவருத்தம், உமக்கு அலுப்பு. திவசம் முடிய எல்லாம் சரிவரும்,” என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. தாய்க்குப் பிண்டம் வைத்து, படையல் வைத்து, பிள்ளைகள் இருவரும் கும்பிட்டு விழுந்தால் எந்த ஆத்துமாவும் அடங்காதா என்று நானும் நினைத்தேன்.

திவசம் குறைவில்லாமல் நடந்தது. ஐயர் போன பிறகு வாழையிலை போட்டு அண்ணையை இருத்தினோம். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பூசணி, அப்பளம். நான் பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்து, பால்குடி மறந்த பிள்ளைக்கு உருட்டுகிற மாதிரிச் சின்னதாக உருட்டி வைத்தேன்.

“அண்ணை, அம்மாவுக்குப் படைச்சது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குங்கோ,” என்றார் என் கணவர்.

அண்ணை வாயில் வைத்தார். தாடை ஒரு தரம் அசைந்தது. கண் பிதுங்கியது. இலையிலேயே வாந்தி எடுத்தார்.

நான் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தேன். குடம் கவிழ்ந்த மாதிரி வந்தது. சோடா தவிர ஒன்றும் உள்ளே போகாத வயிற்றில் இவ்வளவு எங்கே இருந்தது என்று யோசித்தபடியே இலையைப் பார்த்தேன்.

சிவப்பு. இரத்தம் என்று பயந்தேன். குனிந்தேன். இரத்தத்தின் வாசனை எனக்குத் தெரியும். இது வெற்றிலைச் சாறு. நூல் நூலாக எச்சில். அதற்குள் வெள்ளையாக ஏதோ.

விரலால் தொட்டு நசித்துப் பார்த்தேன்.

அரிசி. அவித்த சோறு அல்ல, பச்சை அரிசி. பல் இல்லாத வாய் நெடுநேரம் ஊறவைத்துச் சப்பித் துப்பிய அரிசி.

“இது எங்கை கிடந்தது உங்கடை வயித்துக்குள்ளை?” என்று கத்தினேன். “அண்டைக்குப் போனுக்கு மேலை போட்ட அரிசியை என்ன செய்தனீங்கள்?”

அவர் வாயைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“மேசையிலை சிந்தினதைக் கூட்டி அரிசிப் பைக்குள்ளை போட்டனான். நல்ல அரிசி. எறிய மனம் வரேல்லை.”

“பிறகு?”

“அந்தக் கிழமை சமைச்சது.”

“திண்டனீங்களோ?”

“நான்தான் திண்டனான். நிசாந்தினியும் பிள்ளையளும் அண்டைக்கு வெளியிலை.”

என் கணவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அங்கே அவரும் சத்தி எடுக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சத்தி வரவில்லை. கோபம் வந்தது. பெற்ற தாயின் வாய்க்கரிசியைச் சோறாக்கித் தின்றுவிட்டு, அவள் சாவுச் சத்தத்தைத் தெளிவாகக் கேட்க வெள்ளியில் பெட்டி வாங்கின மனிதன். அவளுடைய வாயை ஒரு நாளும் துடைக்காதவன். அந்த எலும்புக் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்தால், இன்னும் கொஞ்ச நாளில் இந்த வீட்டில் இன்னொரு செத்தவீடு என்பது எனக்குத் தெரிந்தது. எத்தனை பேரை அந்த நிலையில் பார்த்திருக்கிறேன்.

“எழும்புங்கோ,” என்றேன். “அவவின்ரை பங்கை அவவுக்குக் குடுங்கோ. இப்பவே.”

இலையை எடுத்து, நிலத்தைக் கழுவி, புது அரிசி ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்தேன். நடு ஹோலில் மாமியைக் கிடத்திய இடம் எனக்கு நன்றாகத் தெரியும். தெற்கே தலை. ரெக்கோர்டர் இருந்த தலைமாட்டில் அண்ணையை முழங்காலில் இருத்தினேன்.

“வாய் எங்கை எண்டு எனக்கு என்னண்டு தெரியும்?” என்று கேட்டார்.

“உங்கடை சாமான் என்னத்துக்கு? அதுதானே எது எங்கை எண்டு துல்லியமாய்ச் சொல்லும் எண்டனீங்கள்.”

அவர் கருவியைக் காதுக்குள் வைத்தார். கண்ணை மூடினார். வெளியே வெயில் கொதித்தது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. யன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஆனால் அந்தப் பழைய வாசனை, வெற்றிலையும் மூத்திரமும், அதோடு உடல் பழுதாகாமல் இருக்க ஏற்றுகிற மருந்தின் நெடியும், ஹோலுக்குள் வந்து நின்றது.

“தொடங்கிட்டுது,” என்றார். உதடு மட்டும் அசைந்தது.

“எங்கை?”

“இடப்பக்கம். இன்னும் கீழை. எனக்கு நேர முன்னாலை.”

கிண்ணத்தில் கை விட்டு மூன்று விரலால் அரிசியை எடுத்தார். காற்றில் கையை இறக்கினார். நிலத்துக்கு ஒரு சாண் மேலே கை நின்றது.

“நிப்பாட்டிட்டா.”

“என்ன?”

“சப்புறதை. வாயைத் திறந்து வைச்சிருக்கிறா, அஜந்தா. மூச்சு என்ரை விரலிலை படுது.”

“போடுங்கோ!”

“அம்மா, இந்தாங்கோ...”

விரலை விரித்தார்.

அரிசி நிலத்தில் விழவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புச் சீமெந்துத் தரை. நான் இப்போதுதான் கழுவித் துடைத்தது. ஒரு மணிகூட இல்லை.

அண்ணை கையை எடுக்கவில்லை. அவருடைய மூன்று விரலும் கணுவரை ஈரமாகிப் பளபளத்தன. தோல் உள்ளே இழுபட்டது. யாரோ சூப்புகிற மாதிரி, மெதுவாக, ஒரு தாளத்தோடு, இழுபட்டு விடுபட்டு.

“விரலைச் சூப்புறா,” என்றார் குழந்தை மாதிரி.

“கையை எடுங்கோ!”

“விடுறா இல்லை.”

நான் அவருடைய தோளைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். ஈரச் சதையிலிருந்து ஏதோ பிடுங்குப்பட்ட மாதிரி ‘டொப்’ என்று ஒரு சத்தம். இருவரும் மல்லாக்க விழுந்தோம்.

அந்த ‘டொப்’ எனக்கும் கேட்டது. என் காதில் எந்தக் கருவியும் இல்லை.

அவருடைய விரல்களில் எச்சில் வடிந்தது. நுனிகள் நெடுநேரம் தண்ணியில் ஊறியது போல வெளுத்துச் சுருங்கி, ஓரத்தில் சிவப்புச் சாயம் பிடித்திருந்தன. நான் சவுக்காரம் போட்டு, எலுமிச்சம்பழம் போட்டு, ஸ்பிரிட் போட்டுக் கழுவினேன். வாசனை போகவில்லை. கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்.

“பசிக்குது.”

நான் அழுதுவிட்டேன். என் கணவரும் அழுதார். ஆறிப்போன சோற்றையும் பருப்பையும் அப்படியே கொண்டுவந்து வைத்தேன். ஒரு பிடி வைத்தார். மென்றார். கவனித்துக் கேட்டார். அவருடைய பல்லும் அவருடைய நாக்கும் தவிர வேறொன்றும் அந்த வாய்க்குள் இல்லை. விழுங்கினார். இன்னொரு பிடி. நெய் வடிய, கன்னத்தில் பருப்பு ஒட்ட, இலையை வழித்து வழித்துத் தின்றார். பார்க்க வடிவான காட்சி அல்ல. ஆனால் அவ்வளவு சந்தோசமாக நான் யாரையும் சாப்பிடப் பார்த்ததில்லை.

பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தோம். ஆளாளுக்குக் கருவியை வைத்துக் கேட்டோம். பறை, பதிகம், கதிரை, என் மூக்குச் சீறல். அவ்வளவுதான். அந்த வாய் அதில் இல்லை. சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஒரு கிழமை நின்று, மீனும் நண்டும் ஒடியற்கூழும் என்று தின்று தள்ளி, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்துக்கொண்டு அண்ணை பாரிசுக்குப் போனார். நான் மாமியின் அறையைப் பூட்டினேன். நிசாந்தினி வைபரில் படம் படமாக அனுப்பினாள். அண்ணை பாண் தின்கிறார், அண்ணை கோழிக்கால் கடிக்கிறார். ஒரு உயிரைத் தப்ப வைத்தேன் என்று எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணை போன் எடுத்தார். கையைத் துடைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

“அஜந்தா, எப்பிடி? நான் இப்ப இஞ்சை வந்து வாங்கின புதுக் கருவியிலைதான் உம்மோடை கதைக்கிறன். நீர் பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு. அவ்வளவு கிளியர்.”

“சாப்பிட்டனீங்களோ?”

“ஓம் ஓம். மூண்டு நேரமும். உம்மடை புண்ணியம்.” சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நின்றார். “பக்கத்திலை ஆர்?”

“ஒருத்தரும் இல்லை. நான் தனிய.”

“ஆரோ சாப்பிடுகினம்.”

நான் குசினியைச் சுற்றிப் பார்த்தேன். கழுவின மீன். கத்தி. பூட்டின பின்கதவு. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“இல்லை அண்ணை, லைனிலை ஏதோ...”

“லைன் இல்லை.” அவர் குரல் இறங்கியது. “உம்மடை காதுக்குக் கிட்ட. போனுக்கும் உமக்கும் இடையிலை. வெறும் வாய் இல்லை, அஜந்தா. வாய்க்குள்ளை எதையோ வைச்சுச் சப்புறா.”

அப்போதுதான் அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது. வலது காதுமடலில், கீழே. மீன் கழுவின தண்ணி தெறித்திருக்கும் என்று கை வைத்தேன். தண்ணி அல்ல. வழுவழுவென்று, வெதுவெதுப்பாக, கழுத்துவரை நூலாக இறங்கியிருந்தது. விரலைப் பார்த்தேன். சிவப்பு.

மறுபடி மடலைத் தடவினேன். ஊறிப்போய், மெத்தென்று, உயிர் இல்லாத தோல் மாதிரி இருந்தது.

என் தோட்டைக் காணவில்லை.

“அஜந்தா? அஜந்தா, கதையும்!” என்று போனில் அண்ணை கத்தினார். நான் கதைக்கவில்லை. ஏனென்றால் எனக்கும் இப்போது கேட்டது, என் காதோடு ஒட்டி, மெதுவாக, முழுதாக, அதை விழுங்குகிற சத்தம்.